விதை உறங்குகிறதா, செத்துவிட்டதா? கொழும்பு வீட்டுத்தோட்டத்துக்கு முளைப்பு வழிகாட்டி

போட்ட விதை இரண்டு கிழமையாகியும் தலைகாட்டவில்லையா? மேலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மண்ணைக் கிளறி நாலைந்து விதைகளை வெளியே எடுத்துக் கழுவி, விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு பிளேட்டால் நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அந்த வெட்டுமுகத்தில் தெரிந்துவிடும்.

போட்ட அளவிலேயே கல்லுப்போல இருந்தால் தண்ணீர் உள்ளே போகவே இல்லை. தடை தோலில் இருக்கிறது. ஊதிப் பருத்து, அழுத்தினால் உறுதியாக, உள்ளே வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, கெட்ட வாடையில்லாமல் இருந்தால் விதை உயிரோடுதான் இருக்கிறது. தண்ணீரும் குடித்துவிட்டது, வேறு ஏதோ ஒன்று அதற்குக் கிடைக்கவில்லை. அழுத்தியதும் பிதுங்கி, பழுப்புக் கூழாக வெளியே வந்தால் அது செத்த விதை. விதையையே காணவில்லை என்றால் எறும்பையோ எலியையோ தேடுங்கள். விதைப் பரிசோதனைக் கூடங்களும் முளைக்காதவற்றை ஏறக்குறைய இப்படித்தான் தரம்பிரிக்கின்றன: வன்விதை, முளைக்காத உயிர்விதை, செத்த விதை.

கொழும்பில் அடிக்கடி கைக்கு வருவது அந்தக் கூழ்தான். காரணம் உறங்குநிலை (உயிரிருந்தும் முளைக்காமல் கிடப்பது) அல்ல, சேமிப்பு. கடற்கரையோரத்து ஈரக்காற்றும் 30 பாகைச் சூடும் சேர்ந்தால், வாய் திறந்த விதைப் பக்கற் குசினி லாச்சிக்குள்ளேயே சில மாதங்களில் கெட்டுவிடும். மரக்கறிப் பயிர்களில் உறங்குநிலை குறைவு என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மனிதர் விதைத்து அறுத்து மறுபடி விதைத்த நெடுங்காலத்தில், விதைத்தவுடன் முளைத்தவைதான் அடுத்த பருவத்துக்குப் போயின. ஆகவே தக்காளியோ பயிற்றங்காயோ முளைக்கவில்லை என்றால், ஹோர்மோன் மருந்து தேடி அலைவதற்கு முன் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருபது விதைப் பரிசோதனை

டிசூ பேப்பரை இரண்டு மடிப்பாக மடித்து நனையுங்கள். தூக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். 20 விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, சுருட்டி, பிளாஸ்டிக் பையொன்றில் போட்டு வாயைச் சற்றுத் திறந்தபடி விடுங்கள். குசினி அலுமாரியின் மேல்தட்டு நல்ல இடம். இரவு பகலாக 27 முதல் 30 பாகை இருக்கும். ஏசி அறையில் வைத்தால் மிளகாயும் கத்தரியும் பல நாள் பின்தங்கும். தண்ணீர் தேங்கிய பேப்பரில் விதைக்கு மூச்சு முட்டும். முளைக்க ஒட்சிசனும் வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பயிற்றை, வெள்ளரி, வெண்டி, கீரை எல்லாம் ஐந்தாறு நாளில் கணக்கைக் காட்டிவிடும். தக்காளி, கத்தரி, பாகல் என்றால் பத்து நாள் விடுங்கள். மிளகாயும் கொத்தமல்லியும் இரண்டு கிழமை கேட்கும். இருபதில் 16 அல்லது அதற்கு மேல் முளைத்தால் குழிக்கு ஒரு விதை போதும். 10 முதல் 15 என்றால் குழிக்கு இரண்டு போட்டு, வந்த பின் நல்லதை மட்டும் விடுங்கள். ஐந்தாறுதான் என்றால் அந்தப் பக்கற்றை எறிந்துவிடலாம். எண்ணிக்கை தேறினாலும், வழக்கமான நாளுக்கு இருமடங்கு எடுத்து மெலிந்த வேரோடு வந்தால் விதை கிழடுதட்டிவிட்டது. பேப்பரில் பிழைத்தாலும் மழைநாள் மண்ணில் பிழைக்காது. பரிசோதனைக் கூடங்களில் 400 விதை எண்ணுவார்கள். வீட்டுக்கு இருபது போதும், பத்து விதைக்கும் குறைவாக வைத்துப் பார்த்தால் கணக்கை நம்ப முடியாது.

விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எறியும் பழக்கம் எங்கும் உண்டு. நம்பத்தகுந்த முறை அல்ல அது. உள்ளே காற்றிடம் உள்ள நல்ல விதை மிதக்கும், செத்த விதையும் தாழும். ஊதுவதும் உயிருக்கு அடையாளமில்லை: முதல் சில மணிநேரம் தண்ணீரை இழுப்பது வெறும் பௌதிகச் செயல், செத்த விதையும் அதைச் செய்யும். அதன்பின் நீர் உறிஞ்சல் நின்று, உள்ளே பழுதுபார்க்கும் வேலையும் நொதியங்களின் வேலையும் நடக்கும். உறங்கும் விதை நின்றுபோவது இந்தக் கட்டத்தில். மூன்றாவதாக முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வரும். வேர் வருமுன் விதை ஒருமுறை காய்ந்தாலும் பெரும்பாலும் தாங்கும். வேர் வந்தபின் மேற்குப் பார்த்த பல்கனியில் ஒரு பின்னேர வெயிலில் மேல்மண் காய்ந்தாலே கதை முடிந்தது.

கல்லாகக் கிடப்பவை: தோலில் வழி திறத்தல்

திருக்கொன்றை, மயிற்கொன்றை, புளி, அகத்தி, இபில் இபில், காக்கணம், தாமரை. இவற்றின் விதைத்தோலில் தண்ணீர் புகாத, நெருக்கி அடுக்கிய கலவரிசை ஒன்று உண்டு. அதில் எங்காவது ஒரு வழி திறக்கும்வரை எத்தனை மாதம் ஈரமண்ணில் கிடந்தாலும் உள்ளே ஈரம் சேராது. காட்டில் இதை வெயிலும் நெருப்பும் விலங்கின் குடலும் செய்கின்றன. வீட்டில் மூன்று வழிகள் உண்டு.

கையில் பிடிக்கக்கூடிய பெரிய விதைக்கு நகவெட்டியே சிறந்தது. காயோடு ஒட்டியிருந்த தழும்பைத் தேடுங்கள். முளைவேர் பெரும்பாலும் அதன் அருகே இருக்கும். அதற்கு எதிர்ப்பக்க விளிம்பில் மிகச் சிறிய துண்டைக் கடித்தெடுங்கள். பளபளப்பான தோலுக்குக் கீழே நிறம் மாறி வெளிறிய பகுதி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஆழமாக வெட்டினால் வித்திலை (விதைக்குள் இருக்கும் பருப்பு) காயப்பட்டு அந்த இடத்திலிருந்து பூஞ்சணம் பிடிக்கும்.

சிறிய விதைகள் நிறைய இருந்தால் ஜாம் போத்தலின் உட்பக்கம் முழுக்க அரத்தாளைச் சுற்றிவைத்து, விதையைப் போட்டு மூடிக் குலுக்குங்கள். ஹார்ட்வெயார் கடையில் 120ஆம் இலக்கச் சாண்ட் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். விதையின் மினுக்கம் போய் மங்கலானால் போதும்.

மூன்றாவது சுடுநீர். விதை ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு எடுங்கள். கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, 80 பாகைக்கு வந்ததும் விதையைப் போடுங்கள். இபில் இபிலுக்கு மூன்று நிமிடம் போதும். உடனே வடித்துக் குளிர்நீருக்கு மாற்றி இரவு முழுக்க விடுங்கள். அடுப்பில் வைத்தபடி விதையை அவித்துவிடாதீர்கள். நகவெட்டியால் வெட்டிய விதைக்குச் சுடுநீர் கூடவே கூடாது. புதிய வகை என்றால் முதலில் பத்து விதையில் மட்டும் செய்து பாருங்கள்.

எந்த வழியாயினும், இரவு முழுக்க நீரில் ஊறவிட்டால் விடியற்காலையில் பலன் கண்ணுக்குத் தெரியும். வழி திறந்த விதைகள் இருமடங்கு பருத்திருக்கும், மற்றவை அப்படியே கிடக்கும். பருத்தவற்றை அன்றே விதையுங்கள், திரும்பக் காயவைத்துச் சேமிக்க முடியாது. பருக்காதவற்றுக்கு மறுபடி நகவெட்டி. ஆய்வுகூடங்களில் செறிந்த கந்தகவமிலம் பயன்படுத்துவது உண்மைதான். வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். பதிலுக்குக் கார் பற்றறி அமிலம் ஊற்றிப் பார்ப்பதும் வேண்டாம். அது நீர்த்தது, விதைக்குப் பயனில்லை, கண்ணுக்குத்தான் கேடு.

தாமரை விதை இதில் உச்சம். சீனாவில் வறண்டுபோன ஏரிப் படுகை ஒன்றிலிருந்து எடுத்த, ஏறக்குறைய 1300 ஆண்டு பழைய தாமரை விதை, தோலை அராவி நீரில் இட்டதும் முளைத்திருக்கிறது. கையில் இருப்பது போன வருடத்து விதைதான் என்றாலும் வேலை அதேதான். குழிவுள்ள மொட்டை முனைப் பக்கத்தை அரத்தால் அராவி, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் கண்ணாடிக் குவளையில் நீரில் போட்டு, நீரை நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு கிழமைக்குள் பச்சைக் காம்பு நீளும்.

மரக்கறியில் இந்தப் பக்கம் சாய்வது வெண்டி. கடை விதைக்கு 12 மணிநேர ஊறல் போதும். வீட்டில் நெற்றாக முற்றவிட்டு எடுத்த விதையில் வன்விதைகள் கூடுதலாக இருக்கும், அவற்றை அரத்தாளில் இரண்டு தேய் தேய்த்துவிட்டு ஊறவையுங்கள்.

பாகலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அதன் ஓட்டுக்குள் தண்ணீர் போகும். ஆனால் தடித்த ஓடு முளைவேரை வெளியே விடாது, ஈரம் கூடினால் உள்ளே காற்றும் போகாது. கூர்முனைப் பக்கத்து விளிம்பை நகவெட்டியால் இலேசாக வெடிக்கவைத்து, 12 மணிநேரத்துக்கு மேல் போகாமல் ஊறவைத்து, பிறகு ஈர டிசூவில் சுருட்டிச் சூடான இடத்தில் வையுங்கள். வேர் அரை சென்ரிமீற்றர் வந்ததும், வேர் கீழே பார்க்க, ஒன்றரை சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுங்கள். சொந்த விதை எடுப்பதானால் காய் செம்மஞ்சளாகப் பழுத்து வெடிக்கும்வரை கொடியிலேயே விட்டு, விதையைச் சுற்றிய சிவப்புச் சதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழற்றுங்கள். திருநெல்வேலி வெள்ளை போன்ற நாட்டு வகைகளுக்கு இது பலன் தரும். கலப்பின வகைகளுக்கு அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

பயிற்றையையும் போஞ்சியையும் ஊறவைக்கவே வேண்டாம். வித்திலைகள் தண்ணீரை வேகமாக இழுக்கும்போது உள்ளே வெடிப்பு விழுந்து சீனிப்பொருள் வெளியே கசியும். மண்ணிலுள்ள பூஞ்சணத்துக்கு அது விருந்து. உலர்ந்த விதையை ஈரமண்ணில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்தால் நாலைந்து நாளில் வந்துவிடும்.

ஊதியும் முளைக்காதவை

இங்கே காரணங்கள் பல. முதலாவது பழத்தின் சதை. தக்காளி, பப்பாசி, பாசன் பழம் எல்லாவற்றிலும் விதையைச் சுற்றிய வழுவழுப்பில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. தக்காளி விதையைக் கூழோடு கிளாசில் போட்டு, சிறிது தண்ணீர் சேர்த்து, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் மூன்று நாலு நாள் என்று இருக்கும். கொழும்புச் சூட்டில் இரண்டு நாள் போதும், அதற்கு மேல் விட்டால் கிளாசுக்குள்ளேயே முளைக்கத் தொடங்கும். கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். டிசூவில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

பப்பாசி விதையின் கண்ணாடிப் பையை அரிதட்டில் வைத்து விரலால் தேய்த்து உடைத்துக் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், அதிலும் ஒரே நாளில் எல்லாம் வராது. குழிக்கு மூன்று கன்று விடுவது நல்லது. ஆண் மரம் எது என்பது பூத்த பிறகுதான் தெரியும். கடைப் பழம் ரெட் லேடி போன்ற கலப்பினமாக இருந்தால், முளைக்கும், ஆனால் அதே பழம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அன்னமுன்னா விதைக்குள் கரு மிகச் சிறியது. அது உள்ளேயே வளர்ந்த பிறகுதான் வேர் வெளியே வரும். ஆகவே ஒரு மாதம், சிலவேளை அதற்கும் மேல், பொறுத்திருக்க வேண்டும். முளைப்பைத் தூண்டும் ஹோர்மோனான ஜிபரலிக் அமிலத்துக்கு உண்மையான பயன் இங்கேதான். ஒரு கிராம் தூளைச் சில மில்லிலீற்றர் மருத்துவ ஸ்பிரிட்டில் கரைத்து, இரண்டு லீற்றர் தண்ணீரில் கலந்தால் மில்லியனுக்கு 500 பங்கு கரைசல் கிடைக்கும். நேரே தண்ணீரில் போட்டால் தூள் சரியாகக் கரையாது. அதில் 24 மணிநேரம் ஊறவைத்து அன்றே விதையுங்கள். அளவைக் கூட்டினால் நாற்று காம்பு நீண்டு சரிந்து விழும்.

இரண்டாவது காரணம் புதுமை. அறுத்தவுடன் எடுத்த நெல், கத்தரி, வெள்ளரி விதைகளில் சில வகைகள் ஒன்றிரண்டு மாதம் உலர்ந்து கிடந்த பின்னரே நன்றாக முளைக்கும். நெல்லுக்கு 50 பாகை உலர்சூட்டில் ஐந்து நாள் வைத்து இதைச் சுருக்குவார்கள். வீட்டில் காத்திருப்பதே சுகம்.

மூன்றாவது ஒளி. சலாது (லெட்டியூஸ்), துளசி, இன்னும் பல நுண்விதைகள் வெளிச்சம் பட்டால்தான் விழிக்கும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் சலாது விதையை வைத்து 1952இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்தியது: சிவப்பொளி விதையை எழுப்பும், அதைத் தொடர்ந்து தூரச்சிவப்பொளி (சிவப்பின் ஓரத்தில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் திரும்ப உறங்கிவிடும். மண்ணைக் கொத்திய மறுகிழமை களை மண்டுவதும் இதனால்தான். புதைந்து கிடந்த விதைக்கு ஒரு கணம் வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. ஆகவே நுண்விதையை மேலே தூவி, கைத்தெளிப்பானால் நீர் விசிறி அழுத்திவிடுங்கள். மண் போட்டு மூடாதீர்கள். ஃபலூடாவுக்குப் போடும் கசகசாவும் துளசி இனத்து விதைதான், அதுவே முளைக்கும். ஊறவைத்தால் வழுக்கு உருண்டையாகிக் கையில் ஒட்டும் என்பதால் உலர்ந்தபடியே தூவுங்கள்.

நாலாவது சூடு. கொழும்பில் சலாது போட்டு ஏமாறாதவர் குறைவு. 30 பாகையில் அதன் விதை ஊதும், ஆனால் முளைவேரின் நுனியை மூடியிருக்கும் வித்தகவிழையம் என்ற உள்படலம் தளராது. அந்தச் சூட்டில் சில நாள் ஈரமாகக் கிடந்தால் பின்னர் குளிர்ந்தாலும் முளைக்காத இரண்டாம் உறக்கத்துக்குப் போய்விடும். நுவரெலியாவில் பிரச்சினையில்லாத அதே பக்கற் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வேலைசெய்யாமல் போவதன் காரணம் இதுதான்.

செய்யவேண்டியது: மாலையில் ஈர டிசூவில் விதையைப் பரப்பி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ் மரக்கறித் தட்டில் இரண்டு நாள் விடுங்கள். பிறகு நேரே ஏசி அறைக்கு மாற்றுங்கள். 20 முதல் 22 பாகை, இலேசான வெளிச்சம். ஒன்றரை நாளில் வெள்ளை வேர் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் எட்டிப் பார்க்கும். ஈரமான பல்குச்சி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து யோகட் கப்புக்கு மாற்றி, தும்புத்தூளை மிக மெல்லியதாகத் தூவுங்கள். வேர் வந்த பின் சூடு முளைப்பைத் தடுக்காது; கப்பை நிழலான பல்கனிக்குக் கொண்டுபோகலாம். குளிர்பெட்டியிலிருந்து மத்தியான வெயிலுக்கு நேரே எடுத்துச் சென்றால் அத்தனை பாடும் வீண். ஏசி இல்லாத வீட்டில் டிசம்பர், ஜனவரி இரவுகளை நம்பி மாலையில் விதைக்கலாம், பாதி வந்தாலே நல்ல அறுவடை. இலைவகைச் சலாதையே எடுங்கள், உருண்டை கட்டும் வகை இந்தச் சூட்டில் கட்டாது. செலரிக்கும் இதே குளிர்ச்சி வேண்டும். லீக்ஸ் என்றால் நாற்று வாங்குவதே மேல்.

இணையத்தில் வாங்கும் லவெண்டர், அப்பிள், செரி விதைகளுக்குக் கிழமைக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஈரக்குளிர் வேண்டும்: ஈரத் தும்புத்தூளில் கலந்து 4 பாகையில் வைப்பது. உலர்ந்த பக்கற்றை ஃபிரீசரில் போடுவது அதற்கு ஈடாகாது. இத்தனையும் செய்து அப்பிள் முளைத்தாலும் கொழும்பில் பூக்கத் தேவையான குளிர் அதற்குக் கிடைக்காது. அந்தச் சட்டியில் கத்தரி நடலாம்.

கொத்தமல்லியில் உறக்கம் எதுவும் இல்லை. உருண்டை என்பது இரண்டு விதை ஒட்டிய காய். ரொட்டிக் கட்டையால் இலேசாக உருட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். கறிக்கு வாங்கிய பழைய மல்லி முளைக்காமல் போவது பெரும்பாலும் வயதால்.

காயவே கூடாத விதைகள்

பலா, றம்புட்டான், மங்குஸ்தான், துரியன், மா, கறிவேப்பிலை. காயவைத்துச் சேமிக்கும் பொதுவிதியை இவற்றுக்குப் பாவித்தால் விதையைக் கொன்றுவிடுவீர்கள். உலர்ச்சியைத் தாங்கும் விதை, தாங்காத விதை என்ற பிரிவினைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர்களை 1973இல் இட்டவர் பிரித்தானிய விதை அறிஞர் ராபர்ட்ஸ். மழைக்காட்டு மரத்தின் விதை ஈரநிலத்தில் விழுந்து உடனே முளைக்கும். உறங்கிக் காத்திருக்கவேண்டிய தேவை அதற்கு இல்லை.

றம்புட்டான் விதை ஒரு கிழமைக்குள் உயிர்விடும். சாப்பிட்ட அன்றே, ஒட்டியிருக்கும் சதையை மணலில் தேய்த்துக் கழுவி, தட்டையாகப் படுக்கவைத்து ஒரு சென்ரிமீற்றர் மண்ணால் மூடுங்கள். ஒன்பதாம் நாளிலிருந்து மூன்றரைக் கிழமைக்குள் வரும். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் பூஞ்சணமும் விதைக்கு முந்திக்கொள்ளும். பலாக்கொட்டையை ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அதன் ஆணிவேர் தொட்டால் வாடும் வகை என்பதால் கடைசியாக நிற்கப்போகும் இடத்திலோ ஆழமான பையிலோ நேரே போடுவது நல்லது. மாங்கொட்டையின் நாரோட்டை விளிம்பில் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, உள்விதையை வளைந்த முதுகு மேலே வர வையுங்கள். ஓட்டோடு போட்டாலும் முளைக்கும், ஆனால் தாமதமாகவும் வளைந்த காம்போடும் வரும். கறிவேப்பிலைக்குக் கறுப்பாகக் கனிந்த பழத்தையே எடுத்து, தோலைப் பிதுக்கிக் கழுவி, அந்தக் கிழமைக்குள் போடுங்கள். கடைக்குக் காய்ந்து வரும் விதையில் பணத்தைப் போடாதீர்கள். வேப்பம் விதையும் மழைக்காட்டு இனம் அல்லாவிட்டாலும் கிழமைக்கணக்குத்தான் தாங்கும்.

பனங்கொட்டையை ஊரிலிருந்து கொண்டுவந்து சட்டியில் போடுபவர்கள் உண்டு. பனையின் முளை மேலே வராது. முதலில் கரு ஒரு குழாயின் நுனியில் கீழ்நோக்கி இறங்கும், அங்கேதான் கிழங்கு திரளும். கொட்டைக்குள் உணவை உறிஞ்சும் பகுதிதான் நாங்கள் வெட்டிச் சாப்பிடும் பூரான். யாழ்ப்பாணத்தில் மணலை உயர்த்திப் பாத்தி கட்டுவது இந்த இறக்கத்துக்கு இடம் விடத்தான். முக்கால் மீற்றர் ஆழமில்லாத சட்டியில் போட்டால் கிழங்கு அடியில் முட்டிச் சுருளும்.

நாற்றுத் தவறணைக் கலவையும் அங்கே நடக்கும் விபத்துகளும்

தும்புத்தூள் இரண்டு பங்கு, அரித்த கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. தும்புத்தூள் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, பழுப்பு நீர் வெளிறும்வரை மூன்று தடவை அலசுங்கள். சிலவற்றில் உப்பு இருக்கும், உப்பு விதையின் நீரைத் தடுக்கும். கடல்மணல் அதே காரணத்துக்காக ஆகாது. கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், விரலிடுக்கில் நீர் வரக்கூடாது. விதையின் தடிப்பைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கறுப்புத் தட்டை மொட்டைமாடிச் சீமெந்தில் வெயிலில் வைத்தால் கலவை 40 பாகையைத் தாண்டும். முளை வரும்வரை நிழல் வலைக்குக் கீழே வையுங்கள். வந்த அன்றே காலை வெயிலுக்கு மாற்றாவிட்டால் நாற்று நூலாக நீளும்.

நன்றாக வந்த நாற்று ஒரே இரவில் மண்மட்டத்தில் இடுப்பொடிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். ஒடிந்த இடம் நனைந்த நூல்போல மெலிந்திருக்கும். பித்தியம், ரைசொக்டோனியா என்ற மண்வழி நோய்க்கிருமிகளின் வேலை இது. மே, ஒக்டோபர் மழைகளில் காற்றில்லாத பல்கனிகளில் தட்டுத்தட்டாகப் போகும். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. கறுவாத்தூள் தூவுவதில் சிறு தடுப்புக் குணம் இருக்கலாம், நோய் வந்த பின் அது பயன்படாது. தடுப்பது இப்படி: பழைய கலவையைத் திரும்பப் பாவிக்காமல் இருப்பது, பாவிக்கவேண்டி வந்தால் கொதிநீர் ஊற்றி ஆறவிடுவது, நெருக்கி விதைக்காமல் இருப்பது, நீரை அடித்தட்டில் ஊற்றி இழுக்கவிடுவது, சிறிய மின்விசிறியால் காற்றை அசைப்பது.

கீரை விதையையும் சலாது விதையையும் எறும்பு வரிசையாகத் தூக்கிச் செல்லும். தட்டை நாலு மூடிகளின் மேல் நிறுத்தி, மூடிகளைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் வையுங்கள். வெறும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஒரு கிழமைதான் எடுக்கும், சட்டிக்கு அடியிலுள்ள தட்டு அதற்குப் போதும். அடித்தட்டில் ஊற்றிய நீரை அரை மணிநேரத்தில் கொட்டிவிட்டால் வேருக்கும் நல்லது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் பயமில்லை.

மிச்ச விதையை வைப்பது

விதையின் ஈரம் ஒரு வீதம் குறைய ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பம் ஐந்து பாகை குறைய மறுபடி இரட்டிக்கும் என்பது சேமிப்பில் பழைய கணக்கு. கொழும்புக் காற்றில் வெளியே பரப்பி எத்தனை நாள் வைத்தாலும் விதை போதுமான அளவு காயாது, காற்றே ஈரம். ஆகவே முதலில் உலர்த்தியோடு அடைக்கவேண்டும். விதைக்குச் சமஎடை சிலிக்கா ஜெல், அல்லது சட்டியில் வறுத்து ஆறவிட்ட அரிசி இரண்டு பங்கு எடுங்கள். விதையைக் கடதாசி உறையில் போட்டு, இரண்டையும் இறுக்கமான மூடியுள்ள போத்தலில் ஒரு கிழமை வையுங்கள். பிறகு உலர்த்தியை மாற்றி, வகையும் மாதமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டில் வையுங்கள்; கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். வெங்காயம், லீக்ஸ், சலாது விதைகள் இப்படி வைத்தாலும் குறுகிய ஆயுள்தான், அவற்றை முதலில் முடியுங்கள்.

போத்தலை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒன்றிரண்டு மணிநேரம் மூடியபடி விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படிந்து, உலர்த்திய வேலையைக் கெடுத்துவிடும். தேவையானதை எடுத்து உடனே மூடி உள்ளே வையுங்கள். பலாக்கொட்டையும் றம்புட்டான் விதையும் அந்தப் போத்தலுக்குள் போகக்கூடாது.